சி பிளாக் குல்மோகர் மே மாதத்தில் செய்த காரியங்கள்

முத்தரசு நகர் குடியிருப்பில் சி பிளாக் வாசலில் நிற்கிற குல்மோகர் நான் நட்டது. நட்டு எட்டு வருஷமாகியும் பூக்கவே இல்லை என்பது மற்றவர்கள் கட்சி. கார் நிறுத்த இடமில்லை, பூக்காத மரம் எதற்கு, வெட்டிவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டமே கூட்டிவிட்டார்கள்.

நான் எழுந்தேன். பூக்கவில்லை என்று சொல்ல உங்களில் யாருக்கு யோக்கியதை இருக்கிறது என்று கேட்டேன். அது செக்கச்செவேலென்று பூப்பது மே மாதம். பள்ளிக்கூடம் மூடின மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்கு ஓடுகிறவர்கள் நீங்கள். ஜூனில் திரும்புவதற்குள் அது பூத்து உதிர்ந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

ஏ பிளாக் இஞ்ஞாசி, புதுக் கார் வாங்கியவன், விடவில்லை. "தரையில ஒரு இதழ்கூடக் கிடக்கலையே, சார்?"

"எப்படிப்பா கிடக்கும்? பக்கத்துத் தெரு ஆடெல்லாம் வந்து மேஞ்சுட்டுப் போயிடும். அந்த மாசம் பூரா அதுங்ககிட்ட கறந்ததெல்லாம் ரோஸ் மில்க்."

நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று மேலே சொல்லிக்கொண்டே போனேன். முதல் வருஷம் பூத்தபோது, தீப்பிடித்துவிட்டது என்று யாரோ சொல்லி தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. அவர்கள் பீய்ச்சின தண்ணீரைக் குடித்துவிட்டு மரம் இன்னொரு சுற்று பூத்தது. அடுத்த வருஷம் அந்தச் சிவப்பைப் பார்த்து, விடிந்துவிட்டது விடிந்துவிட்டது என்று கூவியே ஒரு சேவலுக்குத் தொண்டை போய்விட்டது. பாவம், இன்றைக்கும் சைகைதான்.

அதையெல்லாம்கூட விடுங்கள். போன வருஷம் நம் மதிலுக்குப் பின்னால் போகிற ரயில், சிவப்பைப் பார்த்து நின்றேவிட்டது. டிரைவர் நல்ல மனிதர், சட்டத்தை மீறமாட்டார். பூவெல்லாம் கொட்டி, இலை துளிர்த்து, மரம் பச்சையான பிறகுதான் வண்டியை எடுத்தார். அதற்குள் இரண்டாவது பெட்டியில் ஒரு கல்யாணம் முடிந்து, மறுவீடு மூன்றாவது பெட்டியில் நடந்தது.

பேப்பரில் வரவில்லையே என்றான் இஞ்ஞாசி.

"பேப்பர் கொண்டுவர்ற ரயிலே அதுதானப்பா."

கூட்டம் என் பக்கம் சாய்கிற நேரம். கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த சங்கச் செயலாளர் தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், மே மாசம் நீங்களும் பெங்களூர்ல பொண்ணு வீட்டுலதானே இருக்கீங்க? வருஷா வருஷம் வீட்டுச் சாவிய என்கிட்டதானே குடுத்துட்டுப் போறீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே மரமும் இலையை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா," என்றேன். "அங்க மொட்டை மாடியில நின்னுதான் பார்த்தேன். இங்க கிட்ட நின்னா கண்ணு கூசுது."

இஞ்ஞாசியே சிரித்துவிட்டான். தமயந்தி மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, ஜூன் வரைக்கும் மரத்தை யாரும் தொட வேண்டாம்," என்றாள். "ஆனா இந்தத் தடவை சாவிய நான் வாங்கிக்க மாட்டேன். நீங்க இங்கயே இருந்து பூக்க வைங்க."