நாற்பது துண்டும் ஒரு டப்பா அதிரசமும்

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்துக்குள் எந்தப் பொருளும் சும்மா நுழைந்துவிட முடியாது. விலை பேசுவதற்கு முன்பே, அதைச் செய்தவரை நேரில் பார்த்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நன்றாகத் தூங்குகிறீர்களா? நினைத்தால் வீட்டு ஆட்களைப் போய்ப் பார்க்க முடிகிறதா?

மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் அந்தப் பொருள் வாசலோடு நின்றுவிடும். ஒரு வருடம் எண்ணெய் ஆலைக்காரர் தூக்கமே இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதம் மடத்தில் தாளிப்பு கிடையாது. சீடர்கள் தாளிக்காத ரசத்தைக் குடித்துக்கொண்டு ஞானம் தேடினார்கள்.

மடத்துக்கு வேண்டியதை வாங்கிவருவது வடிவாம்பாளின் வேலை. பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தாள். மடத்தின் குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். குரு முன்பு லாரி ஓட்டியவர். அவள் அவரைச் சாமி என்பாள், அவர் அவளை வடிவம்மா என்பார். கேள்வி கேட்பதில் அவள் கெட்டிக்காரி. சோப்புக் கம்பெனி முதலாளி ஒருவர் அவளைக் கண்டாலே வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விடுவார்.

தைப்பூசத்துக்கு மடத்து ஆட்கள் நாற்பது பேருக்கும் புதுத் துண்டு வாங்க வேண்டியிருந்தது. விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே கம்பெனியைத்தான் சொன்னார்கள். ஆட்களை நன்றாக வைத்திருக்கிறார்களாம், நம்பி வாங்கலாமாம். குரு அந்தப் பேரைச் சொன்னதும் வடிவாம்பாளின் முகம் சுருங்கிவிட்டது.

"அது மட்டும் வேண்டாம் சாமி" என்றாள்.

"ஏன்?"

"லீவே குடுக்காத கம்பெனி. எம்பொண்ணு பொற்கொடி அங்கதான் தைக்கிறா. நாலு வருஷமா ஒரு பொங்கலுக்குக்கூட அனுப்பல."

"அவங்களப் போய்க் கேட்டீங்களா?"

"இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு சாமி?"

"கேக்காம வாங்கக் கூடாதுன்னா, கேக்காம வேண்டாம்னும் சொல்லக் கூடாது. போய்க் கேட்டுட்டு வாங்க."

அன்று சாயங்காலமே அவள் கருப்பட்டிப் பாகு காய்ச்சி மாவு கிளறி வைத்தாள், இரண்டு நாள் கழித்து அதிரசம் சுட்டாள். பொற்கொடிக்கு ஓரம் மொறுமொறுவென்று இருக்க வேண்டும், நடுவில் மெத்தென்று இருக்க வேண்டும். நாலு வருடத்தில் கை மறந்திருக்கும் என்று பயந்தாள். மறக்கவில்லை.

பஸ்ஸில் நாலு மணி நேரமும் டப்பாவை மடியிலேயே வைத்திருந்தாள். மகள் இளைத்திருப்பாளா, இன்னும் ஒற்றைச் சடைதான் போடுகிறாளா, தன்னைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டே போனாள். கண்டக்டர் சில்லறை கேட்டது காதில் விழவில்லை.

கம்பெனியில் அவளைத் தடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். மேற்பார்வை பார்க்கிறவர், யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சாப்பாட்டுக் கூடத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் வடிவாம்பாள் மூன்று கேள்வியையும் கேட்டாள். அந்தப் பெண் சோற்றைப் பிசைந்தபடியே பதில் சொன்னாள். சாப்பாட்டுக்குக் குறையில்லை. தூக்கத்துக்கும் குறையில்லை. போன மாதம்கூட ஊருக்குப் போய் வந்தாளாம்.

"பொங்கலுக்கு?"

"அஞ்சு நாள் லீவும்மா. ஹாஸ்டலே காலியாயிரும். பொற்கொடி அக்கா மட்டும் எங்கயும் போக மாட்டாங்க."

அவள் கை காட்டிய பக்கம் வடிவாம்பாள் பார்த்தாள். கடைசி வரிசையில் பொற்கொடி இருந்தாள். ஒற்றைச் சடைதான். பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொல்ல, தலையைச் சாய்த்துச் சிரித்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் சிரிப்பாள்.

முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடியை வடிவாம்பாளால் நடக்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் மடத்துக்கு வந்து, கம்பெனியில் வாங்கிவந்த நாற்பது துண்டையும் குருவின் முன்னால் வைத்தாள்.

"மூணுக்கும் ஆமான்னுதான் சொன்னாங்க சாமி. நல்ல கம்பெனி. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

குரு ஒரு துண்டை எடுத்து விரித்துப் பார்த்தார். தையல் நேராக இருந்தது. மகளைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

பார்த்தேன் என்றாள். பேசவில்லை என்றாள். பிறகு கேட்காமலே சொன்னாள். வேலைக்குப் போன முதல் மாதம் பொற்கொடி போன் பண்ணி அழுதாளாம். இருக்க முடியவில்லை, வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாளாம். போன வேகத்தில் திரும்பி வந்தால் தெருவே சிரிக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இரு, வந்தால் வாசப்படி ஏறாதே என்று இவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மகள் கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை.

"கம்பெனிக்காரன் விடலன்னு நெனச்சுக்கிட்டே நாலு வருஷத்த ஓட்டிட்டேன் சாமி. இனிமே அதையும் நெனைக்க முடியாது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து டப்பாவை எடுத்துத் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அதிரசம். நல்லாத்தான் இருக்கு. மடத்துல எல்லாருக்கும் குடுத்துடலாம்."

"யார் செஞ்சது?"

"நாந்தான் சாமி."

குரு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேளைக்குச் சாப்பிடுறீங்களா வடிவம்மா?"

அவள் விழித்தாள். அந்தக் கேள்வியை அவள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"நேத்துலருந்து ஒண்ணும் எறங்கல."

"நல்லாத் தூங்குறீங்களா?"

"இல்ல சாமி."

"நெனச்சா வீட்டு ஆளப் போய்ப் பாக்க முடியுதா?"

வடிவாம்பாள் இல்லை என்று தலையை அசைத்தாள்.

குரு டப்பாவை மூடி அவள் கையிலேயே கொடுத்தார்.

"அப்ப இது மடத்துக்குள்ள வரக் கூடாது. மூணரைக்கு ஒரு பஸ் இருக்கு."