நின்ற வண்டியின் பசி

அன்பர்களே, ஓர் உயிரின் உழைப்பையோ, ஓர் இயந்திரத்தின் உழைப்பையோ எதைக் கொண்டு அளக்கிறீர்கள்?

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகளின் முதலாளி பொங்கியண்ணன். "இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடும்வரை இன்ஜின் ஆயிலை மாற்றக் கூடாது, மலிவான ஃபில்டரே போதும். இன்ஜின் கெட்டால் உன் வேலை போகும்" என்று மெக்கானிக் செங்கோடனுக்கு ஆணையிட்டார்.

போர்வெல் லாரி ஓடுவது குறைவு. ஒரே இடத்தில் நின்று, தன் இன்ஜின் வலிமையால் நாள் முழுவதும் பாறையைத் துளைப்பதே அதன் தொழில். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ஆயில் கெட்டுக்கொண்டே இருக்கும். இதை எடுத்துரைத்த செங்கோடனை, "எனக்கே பாடமா?" என்று முதலாளி அடக்கினார்.

மறுநாள் வேலை நடந்த தோட்டத்துக்கு வந்து, காலை முதல் வெயிலில் நின்று அனைவரையும் அதட்டினார். நண்பகலில், "சோறு எங்கடா?" என்றார்.

"நீங்க ஒரு கிலோமீட்டர்கூட நகரலீங்களே மொதலாளி, பசி எப்படிங்க வரும்?" என்றான் செங்கோடன்.

"நின்னா பசிக்காதாடா? ஆறு மணி நேரமாச்சு!"

"வண்டியும் அதே ஆறு மணி நேரமா நின்னுதானுங்க ஒழைக்குது!"

ஆட்கள் அனைவரும் சிரித்தனர். முதலாளியும் சிரித்தே தீர வேண்டியதாயிற்று. அன்று முதல் ஆயில் மாற்றுவதற்குக் கிலோமீட்டர் அல்ல, இன்ஜின் உழைத்த மணி நேரமே அளவாயிற்று. அழுக்கைப் பிடித்து நிறுத்தும் தரமான ஃபில்டரும் வந்தது. ஆயிலைப் பரிசோதித்து, தாங்கும் என்று உறுதியான பின்னரே மாற்றும் காலத்தைச் செங்கோடன் நீட்டினான். முதலாளி விரும்பிய சிக்கனம் கிடைத்தது. செங்கோடன் தலைமை மெக்கானிக் ஆனான்.

நண்பரே, உங்கள் வண்டியின் ஃபில்டரைக் கடைசியாக என்று மாற்றினீர்கள்? நினைவில்லையெனில் நாளை என்று தள்ளாதீர்கள். இன்றே எழுந்து சென்று பாருங்கள்!