சித்திரைக் கடைசி வாரம்

கணியர் மாசிலாமணி ஏமாந்துபோனார். ஊருக்கெல்லாம் நாள் பார்த்துக் கொடுக்கிறவர், தனக்குப் பார்த்த நாளில் கவிழ்ந்தார்.

விஷயம் இதுதான். சாரல்மலை அருவியடியில் பழைய மன்னர் ஒரு மாளிகை கட்டினார். கட்டியவர் போய்ச் சேர்ந்தார். சுண்ணாம்பு அடிக்கிற செலவு மகன் தலையில் விழுந்தது. மகன் விவரமானவர். வருஷத்தை வாரம் வாரமாக நறுக்கி அரண்மனைக்காரர்களுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் வருஷத்துக்கு ஒரு வாரம், ஆயுசு முழுக்க, குடும்பத்தோடு தங்கலாம். தங்கினாலும் தங்காவிட்டாலும் பராமரிப்பு வரி உண்டு.

தளவாய் சேந்தனிடம் இரண்டு வாரங்கள் இருந்தன. ஆனி முதல் வாரம் ஒன்று, சித்திரைக் கடைசி வாரம் ஒன்று. சித்திரையைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

கணியருக்கு நான்கு பெண்கள், ஒரு மாமியார், சின்னச் சம்பளம். "கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கேயாவது கூட்டிப் போனீங்களா?" என்று மனைவி உலகம்மை கேட்காத கோடை கிடையாது. புதுப்பங்கு வாங்க வழியில்லை. பழைய பங்கு, பாதி விலை என்று தளவாய் சொன்னதும் கணியர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அந்த வாரம் முழுக்கச் சுபதினம். ஒரு கிரகம்கூட முறைத்துப் பார்க்கவில்லை. மனைவியின் ஒட்டியாணத்தை விற்று வாங்கிவிட்டார்.

போனார்கள். கோள்களெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அருவியில் தண்ணீர்தான் இல்லை.

சித்திரையில் எந்த அருவி விழும்? குரங்குகளுக்குத் தெரிந்திருந்தது. அவை மலையை விட்டே போயிருந்தன.

மாமியார் காய்ந்த பாறையைப் பார்த்தார். பிறகு கணியரைப் பார்த்தார். "நல்லா இருக்கு, மாப்பிள்ளை. கால் கழுவக் கிணறு எங்கே இருக்கு?"

கணியர் தளவாயிடம் ஓடினார். தளவாய் மீசையைத் தடவினார்.

"நாள் பார்த்தது நானா, நீரா? சுபதினம் வேண்டும் என்றீர், கொடுத்தேன். தண்ணீர் வேண்டும் என்று சொன்னீரா?"

மன்னரிடம் போனார். மன்னர் தாம்பூலத்தை மென்றபடி சொன்னார்: "விற்றது விற்றதுதான். தளவாயே வந்து கெஞ்சினால் திருப்பிக் கொடும்."

சபை சிரித்தது. தளவாய் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் மனைவி ஒட்டியாணம் இல்லாத இடுப்பில் கை வைத்து நின்றாள். கணியருக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆடி வந்தது. மூத்தவளுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை. சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பன் தெருவில் நிற்பான். ஊரே சொல்லும், கணியர் சொல்லாமல் இருப்பாரா? மகளை அழைத்து வந்து வீட்டில் பூட்டி வைத்தார். மருமகன் வாசல் வழியாக வரவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஐப்பசியில் மகளின் வயிறு கணியரைப் பார்த்துச் சிரித்தது.

"குடி கெட்டதே!" என்று தலையில் கை வைத்தார்.

"யார் குடி?" என்றாள் மனைவி. "சித்திரைக் கடைசியில் நமக்கு மாளிகை இருக்குல்ல? பிரசவத்தை அங்கே வச்சுக்குவோம்."

"தண்ணீரில்லாத காட்டிலா?"

"கிணறு இருக்கு. எங்கம்மா கண்டுபிடிச்சிட்டா. வரி கட்டுறீங்கல்ல? சும்மா வாங்க."

மருத்துவச்சியையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வாரம் முடிவதற்குள் பேரன் பிறந்தான். வைகாசிப் பங்குக்காரர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. காய்ந்த பாறையைப் பார்க்க யார் வருவார்?

ஆனி பிறந்தது. சாரல் இறங்கியது. அருவி கொட்டோ கொட்டென்று கொட்டியது. தளவாய் இரண்டு பல்லக்கு, பத்து வண்டி, சம்பந்தி வீட்டார் சகிதம் வந்து இறங்கினார். வாசலில் வேப்பிலை தொங்கியது. மாடத்தில் பீத்துணி காய்ந்தது.

"யாரம்மா உள்ளே?"

"பிள்ளை பெத்தவ இருக்கா, ஐயா. தீட்டு வீடு. நாற்பது கழியட்டும், காலி பண்ணிடுறோம்" என்றாள் கணியர் மனைவி.

"என் வாரம் போய்விடுமே! வெளியே வரச் சொல்!"

பல்லக்குக்குள்ளிருந்து அவருடைய மனைவியே தலையை நீட்டினாள். "பச்சை உடம்புக்காரியை மழையில் தள்ளுவீரோ? அந்தப் பாவம் நம்ம வீட்டுக்கு வேண்டாம்."

தளவாய் சம்பந்திகளைக் கூடாரத்தில் போட்டார். கூடாரம் ஒழுகியது. சம்பந்தி தும்மினார். தளவாய் குதிரையேறி மன்னரிடம் ஓடினார்.

மன்னருக்கு இந்த வேடிக்கையை நேரில் பார்க்க ஆசை. குடையோடு வந்தார். அவரும் வாசலைத் தாண்டவில்லை. தீட்டு ராஜாவுக்கும் தீட்டுதான்.

"உங்கள் வாரத்துக்கு மேல் தங்கலாமா, அம்மா?"

"எங்க வாரத்தில்தான் வந்தோம், மகாராஜா. பிள்ளை பிறந்த வீட்டை விட்டு நாற்பதுக்குள் கிளம்பலாமா? நீங்களே சொல்லுங்க."

மன்னர் குடையைச் சாய்த்துத் தளவாயைப் பார்த்தார்.

"இந்த ஒரு வருஷம்தானே?" என்றார் தளவாய்.

"எனக்கு இன்னும் மூணு பெண் இருக்கு, ஐயா. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே பார்க்கணும்? இந்தக் காற்றும் ஒத்துக்கிடுது. அடுத்தவளுக்குத் தையில் கல்யாணம். அந்த மருமகனும் நல்லாச் சுவர் ஏறுவானாம்."

தளவாய் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி மறுபடி தும்மினார்.

"அம்மா, சித்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்த பணத்தை அப்படியே தருகிறேன். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்."

"பணம் வேண்டாம். சித்திரையை நீங்க எடுத்துக்குங்க, ஆனியை எங்களுக்குக் கொடுங்க."

தளவாய் தலையாட்டினார். வேறு எதை ஆட்டுவார்?

மன்னருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சித்திரைப் பிள்ளையால் அப்பன் தெருவில் நிற்பான் என்பார்கள். இவன் அப்பன் உள்ளே சுக்குக் கஷாயம் குடிக்கிறான். தெருவில் நிற்பது தளவாய்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனிப் பங்குக்கு இனி வரி கிடையாது. ஓலை எழுது. யார் பெயரில்?"

கணியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"நீர் சும்மா இரும். உம்முடைய சுபதினத்தைத்தான் பார்த்தோமே!" என்றார் மன்னர்.

ஓலையில் ஏறிய பெயர், உலகம்மை.