கழுத்தளவு தண்ணீர்

முன்னொரு காலத்தில் வெண்குள நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் காதுக்கு இனிப்பான சேதி மட்டும்தான் அவனுக்கு ஆகும். நல்ல சேதி கொண்டுவந்தால் முத்துமாலை. கெட்ட சேதி கொண்டுவந்தால் ஒரு மாதம் அரண்மனையில் சந்தனம் அரைக்க வேண்டும். இப்படிப்பட்ட ராஜாவிடம் யார் போய் உண்மை பேசுவார்கள், சொல்லுங்கள்!

அந்த நாட்டுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு ஏரி. அதில் ராஜாவின் தாத்தா தன் உயரத்துக்கே ஒரு கற்சிலை செய்து நிறுத்தியிருந்தார். சிலையின் முழங்கால் வரை தண்ணீர் நின்றால் பஞ்சம், இடுப்பு வரை நின்றால் ஒரு போகம், கழுத்து வரை நின்றால் மூன்று போகம். பெரியவர் நிற்கிற தண்ணீரில் வேறு யார் காலும் படக்கூடாது என்பது சட்டம். ஏரி வாரியத்தின் ஆட்கள் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை இறங்கிப் பாசி தேய்ப்பார்கள்.

வாரியத் தலைவர் கனகராயர் பல வருஷங்களாகத் தவறாமல் "கழுத்தளவு, மகாராஜா!" என்று அறிவித்து, வருஷம் தவறாமல் முத்துமாலை வாங்கினார். ஏரிதான் நிறைந்திருக்கிறதே, தூர் வாருவானேன் என்று ராஜா அந்தப் பணத்தில் அரண்மனைக்குள் அன்னங்கள் நீந்த ஒரு அன்னக் குளம் வெட்டி, ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டான்.

ஏரி மதகைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி வேலை பூங்காவனம் என்ற பெண்ணுக்கு. அந்த வருஷம் அவள் மதகைத் திறந்தால் வாய்க்காலில் ஈரம்தான் வந்தது. வாய்க்கால் முடியும் கடைமடையில் நெல் கதிர் விடும் தருணத்தில் நின்றது. இன்னும் மூன்று நாளில் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்.

அவள் கரையில் நின்று சிலையைப் பார்த்தாள். கழுத்தளவு தண்ணீர். சிலைக்குப் பக்கத்தில் ஒரு நாரை நின்றது. அதன் வயிறுகூட நனையவில்லை.

"அடப் பாவிகளா!" என்றாள். நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கனகராயர் முந்திக்கொண்டார். "மகாராஜா, ஏரி நிறைந்து கிடக்கிறது. கடைமடை காய்கிறது என்றால் இவள் தண்ணீரைத் திருட்டுத்தனமாக வேறெங்கோ விடுகிறாள். நாடு கடத்துங்கள்!"

"நீ என்ன சொல்கிறாய்? என் தாத்தா சிலை பொய் சொல்கிறதா?" என்று ராஜா உறுமினான்.

ஆமாம் என்றால் ராஜ நிந்தனை, இல்லை என்றால் திருட்டு. பூங்காவனம் கைகூப்பினாள்.

"பெரிய மகாராஜா பொய் சொல்வாரா, சாமி? ஏரியை இப்படிக் கட்டிக் காக்கிற ஐயாவுக்கு வெறும் முத்துமாலை போதுமான்னுதான் கேக்க வந்தேன். பெரியவருக்குப் பக்கத்துலயே அவரை நிக்க வெச்சு, உங்க வம்சத்து மெய்க்கீர்த்தியை முழுசா பாடி, அப்புறம் மாலை போட்டா எப்படி இருக்கும்!"

ராஜா துள்ளிக் குதித்தான். "தாத்தாவுக்குச் சமமான மரியாதை! கனகராயரே, கொடுத்துவைத்தவர் ஐயா நீர்!"

கனகராயரின் முகம் செத்துப்போயிற்று. "அடியேனுக்கு ஜலதோஷம்..." என்று இழுத்தார்.

"மரியாதையை மறுக்கிறீரா?"

வேறு வழியில்லை. மறுநாள் காலை ஊரே கரையில் கூடியது. கனகராயரைப் பரிசலில் ஏற்றிச் சிலையருகே விட்டார்கள். மனிதர் பலே ஆள். பரிசலை விட்டு இறங்கிய வேகத்தில் சப்பென்று சேற்றில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கச்சிதமாகக் கழுத்துக்கு வந்தது.

"கழுத்தளவு, மகாராஜா!" என்று கூவினார்.

கரையெல்லாம் கைதட்டல். ராஜா பூங்காவனத்தை முறைத்தான். அவளோ அரசவைப் புலவர் பக்கம் திரும்பி, "ஒரு வரி விடாம பாடுங்க, ஐயா" என்று கும்பிட்டாள்.

புலவருக்கு இப்படி ஒரு வாய்ப்பு ஆயுளில் வந்ததில்லை. சூரியனிலிருந்து தொடங்கினார். முதல் ராஜா, அவன் யானைகள், இரண்டாம் ராஜா, அவன் வாள் என்று பாட்டு போய்க்கொண்டே இருந்தது. கனகராயர் முகத்தில் புன்னகை மாறாமல் சேற்றில் உட்கார்ந்திருந்தார். சிலையடி முழுக்க நண்டு வளை என்பது நீர்க்கட்டிக்குத் தெரியும். சேற்றில் காலே வைக்காத தலைவருக்கு எப்படித் தெரியும்?

ஏழாம் ராஜா கடல் கடந்து போய்க்கொண்டிருந்தபோது, "ஐயோ அம்மா!" என்று ஓர் அலறல். கனகராயர் எழுந்து நின்று குதித்தார். வேட்டியின் பின்பக்கம் ஒரு நண்டு தொங்கியது. தண்ணீர் அவர் முழங்காலுக்குத்தான் இருந்தது. பக்கத்தில் சிலை கழுத்தளவு நீரில் நின்றது.

ராஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என் தாத்தா இவ்வளவு குட்டையா?"

"இல்லீங்க சாமி. பெரியவரைக் குழி தோண்டி இறக்கியிருக்காங்க" என்றாள் பூங்காவனம்.

கனகராயர் கரைக்கு வந்து காலில் விழுந்தார். "உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் இடுப்பளவு என்றேன், சந்தனம் அரைக்க வைத்தீர்கள். அடுத்த வருஷம் ஆட்களை விட்டுச் சிலையைக் கொஞ்சம் இறக்கினேன், மாலை போட்டீர்கள். ஏரி வற்ற வற்ற நானும் இறக்கினேன்."

ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் யார்மேல் படுவது என்று தெரியவில்லை. பாதிக் குற்றம் தன் பெயரில் இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

அன்றைக்கே அன்னக் குளத்தை உடைத்துவிட்டான். தண்ணீர் கடைமடைக்கு ஓடியது. நெல் பிழைத்தது. சிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். கனகராயரின் முத்துமாலைகளை விற்றுத் தூர் வாரினார்கள். முதல் சேற்றுக் கூடை கனகராயர் தலையில் ஏறியது. பூங்காவனம் வாரியத் தலைவி ஆனாள். இனிமேல் வருஷா வருஷம் ராஜாவே இறங்கி நின்று அளவு சொல்ல வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று.

மறுவருஷம் நல்ல மழை. ராஜா ஏரியில் இறங்கித் தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்றான். தண்ணீர் மார்புக்கு வந்தது. கரையில் இருந்த மந்திரி பிரதானிகள் வழக்கம்போல, "கழுத்தளவு, மகாராஜா! கழுத்தளவு!" என்று முழங்கினார்கள்.

கேட்கக் கேட்க ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அவனை அறியாமலே முழங்கால் மெல்ல மடங்கியது.

கரையில் பூங்காவனம் தொண்டையைச் செருமினாள்.

ராஜா சட்டென்று நிமிர்ந்தான். "மார்பளவு" என்றான். "எழுதிக்கொள்ளுங்கள்."