ராஜாவின் பெருவிரலும் உப்புச்சந்தைக் குட்டியும்

முன்னொரு காலத்திலே கழுகுமேட்டுச் சீமையைச் செங்கதிர் ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் சொன்ன சொல் மத்தியானத்துக்குள் ஊசிப்போகும். பதினாலு வருஷம் கூடவே திரிந்த வேட்டைநாய் செத்துப்போனதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. புதுத் துணையாக ஒரு குட்டி வேண்டும் என்று சபையில் சொன்னார்.

வேட்டை அதிகாரி ரணசிங்கம் பால் வெள்ளையாக ஒரு ராஜபாளையத்துக் குட்டியையும், அதன் ஏழு தலைமுறை எழுதிய ஓலையையும் கொண்டுவந்தார். மந்திரி பூவணம் மடியிலிருந்து இறக்கியதோ உப்புச்சந்தைக் குட்டி. தாய் கோம்பை நாய், தகப்பன் யாரென்று தாய்க்கே சந்தேகம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது கண்மேல் விழுந்து கிடக்கும். கட்டிவைத்த மீன்கூடையைப் பல்லால் அவிழ்த்து, ஒரே ஒரு மீனை எடுத்துக்கொண்டு, மூடியைத் திரும்பவும் மூடிவைத்த குட்டி அது. அதைக் கண்ணால் பார்த்த நேரத்திலிருந்து மந்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ராஜாவுக்கு ஒரு பழக்கம். உட்கார்ந்தால் கால் பெருவிரல் ஆடிக்கொண்டே இருக்கும். குட்டி அதைப் பார்த்தது, பாய்ந்து கவ்வியது.

"சாக்கடைப் புத்தி, மகாராஜா," என்றார் ரணசிங்கம். "கொண்டுவந்தவர் புத்தி வேறெப்படி இருக்கும்?"

"சிம்மாசனத்தில் எது அசைகிறது என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டதே ஐயா, அதைச் சொல்லுங்கள்," என்றார் மந்திரி.

ராஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் ஜெயித்தது. வெள்ளிக்கிழமை இருபது பேர் தலைமுதல் கால்வரை கம்பளி போர்த்தி உட்காருவோம், அதில் என்னைக் கண்டுபிடிக்கிற குட்டி என்னோடு இருக்கும், தோற்ற குட்டியும் அதைக் கொண்டுவந்தவரும் ஆற்றுக்கு அக்கரை போகவேண்டியதுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மறுநாள் நாய்க்கொட்டில் பக்கம் போன மந்திரியின் மூக்கு விடைத்தது. வெள்ளைக் குட்டியின் இறைச்சியில் ராஜா பூசுகிற புனுகு மணந்தது. ஓகோ, ரணசிங்கம் இதை வாசனை பிடித்துப் போகப் பழக்குகிறாரா!

நேரே ராஜாவிடம் போனார். பரீட்சையைச் சனிக்கிழமை வைத்தால் எண்ணெய் தேய்த்துக் குளித்த இதத்தோடு உட்காரலாமே என்றார். எண்ணெய்க் குளியல் நாளில் ராஜா புனுகைத் தொடமாட்டார், அது அரண்மனை வழக்கம். "அன்றைக்குச் சும்மாக் கிடக்கிற புனுகுச் சிமிழை ரணசிங்கத்துக்குக் கொடுங்கள், மகாராஜா. பாவம், உழைக்கிறவர்." ராஜா இரண்டுக்கும் தலையாட்டினார்.

ராஜாவைப் போல மணக்கவேண்டும் என்பது ரணசிங்கத்தின் பத்து வருஷ ஆசை. சிமிழைக் கண்டதும் பரீட்சையும் மறந்தது, பழக்கிய குட்டியும் மறந்தது. கழுத்து, மார்பு, மீசை என்று வழித்துப் பூசிக்கொண்டு, சனிக்கிழமை இருபது பேரில் ஒருவராகக் கம்பளிக்குள் போய் உட்கார்ந்தார்.

மந்திரி வெள்ளைக் குட்டியை அவிழ்த்தார். அது அம்புபோல ஓடி, ரணசிங்கத்தின் கம்பளிக்குள் தலையை விட்டு மீசையை நக்கியது. "போ சனியனே, அந்தப் பக்கம்!" என்று உள்ளேயிருந்து கேட்டது. சபை குலுங்கியது.

அடுத்து உப்புச்சந்தைக் குட்டி. வரிசை நெடுகக் கம்பளிகளின் கால் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனது. ராஜாவும் விடாக்கண்டர்; இன்று விரலை அசைப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு கம்பளியும் அசையவில்லை. அக்கரை மணல் மந்திரியின் கண்ணுக்குள் வந்து போனது.

குட்டி நடுச்சபையில் படுத்தது, கொட்டாவி விட்டது, குறட்டையும் விட்டது. மந்திரிக்கு உயிரே போய்விட்டது. அப்புறம்தான் கவனித்தார்: விழுந்த காதுக்கு அடியில் ஒரு கண் திறந்தே இருந்தது.

தூங்கிவிட்டது என்று ராஜா நிம்மதியாக மூச்சுவிட்டார். ஐந்தாவது கம்பளியின் நுனி இம்மியளவு ஆடியது. அவ்வளவுதான். "ஐயோ என் விரல்!" என்று கழுகுமேட்டு மகாராஜா கம்பளியோடு துள்ளி எழுந்தார்.

குட்டியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, "அடே ஒற்றா, இனி உனக்கும் எனக்கும் ஒரே தட்டில் சோறு," என்றார். வயிறு குலுங்கச் சிரித்து, அன்று மூன்று தட்டுச் சாப்பிட்டார். மந்திரிக்கு முத்துமாலை. ரணசிங்கத்தையும் வெள்ளைக் குட்டியையும் அக்கரைக்கு அனுப்ப வேண்டாம் என்று மந்திரியே கேட்டுக்கொண்டார். ரணசிங்கத்துக்கு வேறு வேலை கிடைத்தது. சனிக்கிழமை தவறாமல் ஒற்றனுக்கு எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும்.

குளித்து முடித்ததும் ஒற்றன் நேரே போய்ச் சேற்றில் புரளும். மறுபடியும் முதலிலிருந்து.