பாபினை அனுப்பி வச்ச கதை

கால நீட்டிப் படு. போர்வைய நல்லா இழுத்துக்கோ. நீ "ம்" சொல்லிக்கிட்டே இருக்கணும். நிறுத்திட்டா தூங்கிட்டன்னு பெரியம்மாவும் நிறுத்திருவேன். சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு தையக்கார அக்கா இருந்தாங்க. ஊரு திண்டுக்கல்லு. பேரு அமலோற்பவம். அவ்வளவு நீளமா யாரு கூப்பிடுறது, எல்லாருக்கும் அமலி அக்காதான். வயசு அம்பது தாண்டிருச்சு, கல்யாணம் பண்ணிக்கல. அவங்க அம்மா படுக்கையில விழுந்து ஒம்பது வருசம் கெடந்தாங்க. அமலி அக்காதான் கூடவே இருந்து பாத்தாங்க. அம்மா போனப்புறம் ஒரு முடிவு பண்ணிட்டாங்க. இனிமே நம்மள எதிர்பார்த்து ஒரு உசிரும் வீட்டுல இருக்க வேணாம்னு. ஒரே ஒரு ரூம்பு, ஒரு அடுப்படி, சன்னலோரமா ஒரு தையல் மெஷின். காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் டகடகடகடகன்னு ஓடும்.

ம்.

அப்போ ஒரு நாள் ஷாகுல்னு ஒரு தம்பி வந்தாரு. மாட்டாஸ்பத்திரியில வேலை பாக்குறவரு. அடிபட்ட நாய், வேணாம்னு விட்டுட்டுப் போன நாய் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து, புண்ண ஆத்தி, நல்ல வீடா பாத்துக் குடுப்பாரு. அன்னைக்கு அவரு கையில ஒரு சாக்கு மூட்டை. மூட்டை கிடுகிடுன்னு நடுங்குது.

"அரிசி மில்லு ஒண்ணு மூடிக் கெடக்குல்லக்கா, அதுக்குள்ள இந்த நாயக் கம்பியில கட்டிப் போட்டிருந்தாங்க. மனுசன் வாடையே ஆகல இதுக்கு. ஒரு வீடு அமையிற வரைக்கும் மூணு வாரம் வச்சிருங்க. ஆளு நடமாட்டம் இல்லாத வீடு உங்க வீடுதான்."

"மூணு வாரம்தான?"

"மூணே வாரம்."

சாக்கப் பிரிச்சதுதான் தெரியும், சர்ர்ருன்னு ஓடி கட்டிலுக்கு அடியில போய் மூலையில சுருண்டுக்கிச்சு. தவிட்டு நெறம், ஒரு காது மடங்கி இருக்கும், கழுத்தச் சுத்தி கம்பி அறுத்த தடம். பாபின்னா தெரியும்ல உனக்கு? தையல் மெஷினுக்கு அடியில நூலச் சுத்திக்கிட்டு ஒரு குட்டிச் சக்கரம் ஒளிஞ்சிருக்கும், வெளிய இருந்து பாத்தா தெரியவே தெரியாது. இதுவும் அப்படித்தான கெடக்குன்னு பாபின்னு பேரு வச்சாங்க.

ம்... அது கடிச்சுதா?

கடிக்கல. கடிக்கிறதுக்குக் கூட தைரியம் வேணும்ல, அதுகிட்ட அது இல்ல.

மொதல்ல சாப்பாடு. பால் சோறு பெசஞ்சு வச்சா தொடாது. அமலி அக்கா எட்டிப் பாத்தா மூஞ்சிய சுவத்துப் பக்கம் திருப்பிக்கும். ஒரு நாள் ஆச்சு, ரெண்டு நாள் ஆச்சு. மூணாம் நாளு அமலி அக்கா என்ன பண்ணாங்க, தட்ட வச்சுட்டு, கட்டிலுக்கு முதுகக் காட்டித் தரையில உக்காந்து பொத்தான் தைக்க ஆரம்பிச்சாங்க. திரும்பவே இல்ல. கால் மரத்துப் போச்சு. அப்புறம் மெதுவா ஒரு சத்தம். சளக்... சளக்... சளக். அமலி அக்காவுக்கு ஊசி கோக்க முடியல, கண்ணீரு மறைச்சுருச்சு.

அந்த வாரம் ஷாகுல் வந்தாரு. "அக்கா, உங்ககிட்ட சாப்பிடுதே. நீங்களே வச்சுக்கங்களேன்."

"எனக்கெதுக்குத் தம்பி? நானே ஒண்டிக்கட்ட."

அப்புறம் மெஷினு. டகடகன்னு ஓட்டுனா போதும், பாபினு இருந்த எடத்துலயே மூத்திரம் போயிரும். என்ன பண்றது, தச்சாத்தான பொழப்பு. கால மிதிக்காம சக்கரத்தக் கையால சுத்துனாங்க. டக். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு டக். ஒரு ரவிக்க தைக்க ஒரு நாளு. வாங்க வந்தவங்கல்லாம் முனகுனாங்க. தினமும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் வேகம். ஒரு மாசம் கழிச்சு ஒரு மத்தியானம் மறந்தாப்புல கால மிதிச்சுட்டாங்க, டகடகடகன்னு ஓடிருச்சு. பதறிப்போய்க் குனிஞ்சு பாத்தா, பாபினு அவங்க காலுக்குப் பக்கத்துல படுத்து, அந்தச் சத்தத்துலயே தூங்குது.

ஷாகுல் ரெண்டாந்தடவ கேட்டாரு. "இப்பவாச்சும் வச்சுக்கிறீங்களாக்கா?"

"அண்ணன் வீட்டுக்குச் சென்னைக்குப் போனா இத யாரு பாப்பா?"

அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயி ஆறு வருசம் ஆச்சு. அது ஷாகுலுக்கும் தெரியும்.

ம்.

மூணாவதா வாசப்படி. வாசல் வரைக்கும் வரும், படியத் தாண்டாது. நாலு காலும் அப்படியே கல்லு மாதிரி நிக்கும். அமலி அக்கா படியில உக்காந்து, "நான் இங்கதான் இருக்கேன். நீ வரும்போது வா"ன்னு சொல்லிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. தினமும் காலையில. பதினோராம் நாளு அவங்க முழங்கையில ஈரமா என்னமோ பட்டுச்சு. பாபினோட மூக்கு. அப்புறம் ஒரு கால் வெளிய வந்துச்சு, அப்புறம் இன்னொரு கால். அப்புறம் அவங்க மடியில தலைய வச்சுக்கிட்டு ரெண்டு பேருமா ரோட்டுல போற ஆட்டோவப் பாத்தாங்க.

அப்புறம் அங்கயே வளந்துச்சா?

இரு, சொல்றேன்.

மறுநாளே ஷாகுல் வந்தாரு. "ஒட்டன்சத்திரம் பக்கத்துல ஒரு வீடு அமைஞ்சிருக்குக்கா. குழந்தைவேலுன்னு பேரு. தோட்டத்து வீடு, அவரும் சம்சாரமும்தான், தங்கமான மனுசங்க. ஆனா கடைசியா ஒரு தடவ கேக்குறேன். நீங்க சரின்னா நான் இப்பவே போன்ல வேணாம்னு சொல்லிர்றேன்."

அமலி அக்கா கத்திரிய எடுத்துத் துணிய வெட்டுனாங்க. தலைய நிமித்தல. "மூணு வாரம்னு சொல்லி மூணு மாசமாச்சு தம்பி. கூட்டிட்டுப் போ."

தானா வண்டியில ஏற மாட்டேன்னுருச்சு. அமலி அக்காவே தூக்கிட்டுப் போயி வண்டிக்குள்ள வச்சாங்க. அவங்க தூக்குனதால அது திமிறவே இல்ல. கதவு டமார்னு சாத்துச்சு. கண்ணாடி வழியா அவங்களையே பாத்துச்சு. குலைக்கல, அழுவல. இவங்களும் ஏறப்போறாங்கன்னு நெனச்சிருக்கும்போல.

...ம்.

அன்னைக்கு சாயங்காலம் அமலி அக்கா முழு வேகத்துல மெஷின ஓட்டுனாங்க. பாதி தச்சதும் காலுக்கடியில குனிஞ்சு பாத்தாங்க. அப்புறம் தைக்கல.

நாலாம் நாளு குழந்தைவேலு போன் பண்ணாரு. "சாப்பிடவே மாட்டேங்குதும்மா. வாசல் கேட்டுக்கிட்ட உக்காந்து ரோட்டையே பாக்குது. நீங்க ஒரு நடை வந்துட்டுப் போனா தேவலை."

அமலி அக்கா, "நான் வந்தா அதுக்கு இன்னும் ஏக்கமாயிரும்ணே, பழகட்டும்"னாங்க. அதுலயும் ஞாயம் இருந்துச்சு. ஆனா அதுக்காக மட்டும் அப்படிச் சொல்லல. போனா விட்டுட்டு வர முடியாதுன்னு பயம்.

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டாரு. "கொஞ்சம் கஞ்சி குடிக்குது. ஆனா கேட்ட விட்டு நகரல." கிறிஸ்மஸ் துணி நெறைய கெடக்குண்ணே, முடிச்சுட்டு வாரேன்னாங்க. அப்புறம் போனே வரல. போன் வராதது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

கிறிஸ்மஸ் முடிஞ்ச ஞாயித்துக்கெழம, பூசைக்குக் கூடப் போகாம பஸ் ஏறுனாங்க. மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனாங்க. 'அண்ணே, தப்புப் பண்ணிட்டேன், திருப்பிக் குடுத்துருங்க.' எப்படிக் கேட்டாலும் வெக்கமா இருந்துச்சு. ஆனா கேக்கணும்னுதான் போனாங்க.

ம்.

கேட்டுக்கிட்ட பாபினு இல்ல. உள்ள முருங்கை மரத்தடியில குழந்தைவேலு நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு, அவரு காலடியில படுத்திருந்துச்சு. அமலி அக்கா, "பாபினு"ன்னாங்க.

அது நிமிந்து பாத்துச்சு. வாலு ஒரே ஒரு தடவ ஆடுச்சு. அப்புறம் எந்திரிச்சு, குழந்தைவேலு நாற்காலிக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்கிச்சு. கிடுகிடுன்னு நடுங்குச்சு. அன்னைக்கு சாக்குக்குள்ள நடுங்குச்சே, அதே மாதிரி.

ஏன் பெரியம்மா? அவங்கள மறந்துருச்சா?

மறக்கல கண்ணு. மறுபடியும் தூக்கிக் கொண்டுபோயி வேற எங்கயாச்சும் விட்டுருவாங்களோன்னு பயம்.

குழந்தைவேலு அது தலைய மெதுவா தடவி, "உன்ன யாரும் கூட்டிட்டுப் போவல, யாரும் கூட்டிட்டுப் போவல"ன்னாரு. அப்புறம் அமலி அக்காவப் பாத்துச் சொன்னாரு. "பதினேழு நாளு அந்தக் கேட்டுலயே கெடந்துச்சும்மா. நானும் அங்கனயே கட்டிலப் போட்டுக்கிட்டேன். பதினெட்டாம் நாளு தானா எந்திரிச்சு எங்கிட்ட வந்துச்சு."

அவரு சம்சாரம் மோரு கொண்டாந்து குடுத்தாங்க. "எதாச்சும் சோலியா வந்தீங்களாம்மா?"

அமலி அக்கா மோரக் குடிச்சு முடிச்சாங்க. "ஒண்ணுமில்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்புறம் எந்திரிச்சுக் கேட்டப் பாத்து நடந்தாங்க. கேட்டத் தாண்டி வெளிய வந்து கொண்டியப் போட்டாங்க, கடக்குன்னு. அப்போதான், இவங்க தனியாத்தான் போறாங்கன்னு நல்லாத் தெரிஞ்சதும், பாபினு தடதடன்னு ஓடி வந்துச்சு. கம்பிக்கு நடுவுல மூஞ்சிய நீட்டி அவங்க கைய மோந்து பாத்து, நக்கி, நக்கி, வால அப்படி ஆட்டுச்சு. கொஞ்ச நேரந்தான். அப்புறம் திரும்பி, மரத்தடிக்குப் போயிருச்சு.

அமலி அக்கா அழுதாங்களா?

பஸ்ஸுல ஏறுனப்புறம் அழுதாங்க.

வேற நாய் வளத்தாங்களா?

ஷாகுல் கேட்டாரு. யோசிச்சுச் சொல்றேன்னாங்க. இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்காங்க.

...ம்.

அவ்வளவுதான் தங்கம். பாபினு அது வீட்டுல தூங்கியிருக்கும். நீ உன் வீட்டுல தூங்கு.