சத்தமில்லாத கரை

முன்னொரு காலத்தில், மீன்கள் பயமில்லாமல் கரையோரம் திரிந்த நாளில், நீலாயி என்றொரு மீனவப் பெண் இருந்தாள். கடலுக்குப் போன அவள் அண்ணன் வேலப்பன் திரும்பவில்லை. "அவ்வளவுதான், போய்ச் சேர்ந்துட்டான்" என்றது ஊர். நீலாயி அதைக் காதில் வாங்காமல் தோணியை எடுத்தாள். அவர்கள் வீட்டுச் செவலை நாயும் தாவி ஏறிக்கொண்டது.

வழியெல்லாம் வலை வீசி மீன் பிடித்தபடி கரையை ஒட்டியே போனார்கள். முதல் கரையில் மணலெல்லாம் முத்து! அண்ணன் வாடை இருக்கிறதா என்று செவலை மோந்து பார்த்தது, தும்மியது, தோணிக்குத் திரும்பியது. இரண்டாம் கரையில் மரமெல்லாம் பவளம், கிளையெல்லாம் பாடும் சங்கு! நீலாயி வாயைப் பிளந்து நின்றாள். செவலை மோந்து பார்த்தது, தும்மியது, தோணிக்குத் திரும்பியது.

"ஒரு கைப்பிடி அள்ள விடமாட்டியே, நல்ல நாய்தான் நீ!" என்றாள்.

மூன்றாம் கரையில் செவலை தும்மவில்லை. அங்கே அலைகூடச் சத்தமில்லாமல் வந்து போனது. மணல் நெடுக ஆள் உயரக் கற்கள். பாறைமேல் கையில் மந்திரக்கோலோடு ஒரு மந்திரவாதி உட்கார்ந்திருந்தான்.

"எனக்குச் சத்தம் ஆகாது" என்று கிசுகிசுத்தான். "இங்கே கத்தியவர்களையெல்லாம் கல்லாக்கிவிட்டேன். உன் அண்ணனும் இதில் ஒருவன். ஒரே ஒரு கல்லைத் தொடு. அவனானால் கூட்டிப் போ. வேறானால் நீயும் கல்!"

செவலை கல் கல்லாக மோந்து, ஒன்றின் அடியில் படுத்து வாலாட்டியது. நீலாயி கை நீட்டினாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய அலை ஒன்று தோணியைத் தூக்கிப் போனது.

தோணி போனால் வீடு ஏது? ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். செவலையும் கவ்வி இழுத்தது. முடியவில்லை. எல்லாம் மறந்து கத்திவிட்டாள்:

"தோணி போகுதே! கை குடுங்கய்யா!"

கடற்கரையில் பிறந்தவர்கள் அந்தக் குரல் கேட்டால் சோற்றில் வைத்த கையோடு ஓடி வருவார்கள். கற்களாலும் நிற்க முடியவில்லை. ஒரு கல் முனகியது. பத்துக் கல் அசைந்தது. பிறகு கரையே எழுந்து ஓடி வந்தது!

"இழு புள்ள!" என்றான் முன்னால் நின்ற வேலப்பன்.

தோணி மணலேறிய பிறகுதான் பார்த்தாள். கயிற்றின் கடைசியில் மந்திரவாதியும் இழுத்துக்கொண்டிருந்தான்! அவனும் கடற்கரையில் பிறந்தவன்தான். கைநழுவிய மந்திரக்கோலை அலை கொண்டுபோயிருந்தது.

"அடிங்கடா அவனை!" என்று கூட்டம் பாய்ந்தது.

"பொறுங்க" என்ற நீலாயி மீன்கூடையை இறக்கினாள். செவலைக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, இழுத்த எல்லோருக்கும் ஒவ்வொன்று. கடைசி மீனை மந்திரவாதியிடம் நீட்டினாள்.

"தோணி இழுத்த கைக்குப் பங்கு உண்டு. பிடிங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கரை முழுக்கக் கேட்க, அவன் ஓவென்று அழுதான்.